'க'வுக்கு மூன்று வீடு

கீபோர்டு சேர்க்கிறவன் என்று சொல்லிக்கொண்டால் வழக்கமாக இரண்டு கேள்விகள் வரும். 'கேசியோவா, யமஹாவா?' என்பது முதலாவது. இல்லீங்க, கம்ப்யூட்டர் கீபோர்டு என்று விளக்கினதும் இரண்டாவது வந்துவிடும். 'அதை எதுக்குங்க சேர்க்கணும்?'

நியாயமான கேள்விதான். ஸ்டாம்ப் சேர்ப்பவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. நாணயம் சேர்ப்பவருக்கு மரியாதையே உண்டு. பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை மட்டும் காயலான் கடைக்காரன் மாதிரி பார்க்கிறார்கள். ஆனால், உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். எல்லா கீபோர்டும் இவர்களுக்கு ஆகாது. மெக்கானிக்கல் கீபோர்டு மட்டும்தான்.

அதென்ன மெக்கானிக்கல்? ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனியாக ஒரு ஸ்விட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங். அழுத்தினால் பாதி வழியிலேயே 'டக்' என்று விரலுக்குப் பதில் கிடைக்கும். நாம் வழக்கமாக வாங்கும் மலிவு கீபோர்டில் இதெல்லாம் கிடையாது. மூன்று பிளாஸ்டிக் தாள்கள், மேலே ரப்பர் குமிழ்கள், அவ்வளவுதான். அழுத்தினால் ரப்பர் நசுங்கும், தாள்கள் தொட்டுக்கொள்ளும், எழுத்து விழும். ஊறின தோசைமாவில் விரலை விட்ட மாதிரி ஓர் உணர்வு.

இந்த 'டக்'குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அந்த நேரத்தில் ஐ.பி.எம். டைப்ரைட்டரிலும் ராஜா. கம்ப்யூட்டரை வாங்கப் போகிறவர்கள் ஆபீஸ்காரர்கள், அதைத் தட்டப் போகிறவர்கள் டைப்பிஸ்ட்டுகள். பொம்மை மாதிரி ஒன்றைக் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். எனவே, அழுத்தும்போது ஸ்பிரிங் பக்கவாட்டில் மடங்கி 'க்ளிக்' என்று சத்தம் போடுகிற ஒரு கீபோர்டைக் கொடுத்தார்கள். 'மாடல் எஃப்' என்று பெயர். 1985-ல் அதன் தம்பி, 'மாடல் எம்' வந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. ஓங்கி ஒருத்தன் மண்டையில் போட்டால் கேஸாகிவிடும். மேல் வரிசையில் பன்னிரண்டு ஃபங்ஷன் கீ, வலது பக்கம் எண்கள், நடுவில் அம்புக்குறிகள் என்று இன்று நம் மேசையில் இருக்கும் ஏற்பாடு அதில்தான் நிலைபெற்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைக்கு சேகரிப்பாளர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் மாடல் எம், அண்ணன்காரனிடமிருந்து செலவைக் குறைத்துத் தயாரித்த சரக்கு. ஸ்பிரிங்கை விட்டுவிட்டு அதன் அடியில் பிளாஸ்டிக் தாளைப் புகுத்திவிட்டார்கள். சிக்கனம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் விலை சரியச் சரிய, கடைசியில் ஸ்பிரிங்கும் போய் ரப்பர் வந்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் நான் இதைக் குற்றம் சொல்ல முடியாது. மொத்த விலை பாதியாகக் குறையும்போது கீபோர்டுக்கு மட்டும் யார் பழைய பட்ஜெட்டை ஒதுக்குவார்கள்?

சரி, நம் ஊருக்கு வருவோம். உலகமெல்லாம் ரப்பருக்கு மாறிக்கொண்டிருந்தபோது இந்தியாவில் ஒரு கீபோர்டு பிடிவாதமாக ஸ்விட்ச்சோடு விற்றுக்கொண்டிருந்தது. டி.வி.எஸ். கோல்டு! மதுரையில் பஸ் விட்டு ஆரம்பித்த அதே டி.வி.எஸ். குடும்பத்தின் சென்னைக் கம்பெனிதான் டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ். மெடிக்கல் ஷாப்பில் கர்ரக் கர்ரக் என்று பில் துப்புமே டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், அது இவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு. கோல்டு கீபோர்டின் உள்ளே இருந்தது ஜெர்மனியின் செர்ரி கம்பெனி ஸ்விட்ச், அதிலும் நீல நிற ரகம். செர்ரி ஸ்விட்ச்சுகளுக்கு நிறம்தான் ஜாதகம். சிவப்பு என்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும், சத்தமில்லை. பழுப்பு என்றால் விரலுக்கு மட்டும் ஒரு தடங்கல் தெரியும். நீலம் என்றால் அடுத்த அறை வரைக்கும் கேட்கும். அமெரிக்காக்காரன் இதே நீல ஸ்விட்ச் கீபோர்டைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய காலத்தில், நம் ஊரில் கோல்டு பல வருடங்கள் 2,000 ரூபாய்க்குள்ளேயே கிடைத்தது. யாரும் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. கடைக்காரர்கள் வாங்கி, கவர் போட்டு, கல்லா பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

என் சேகரிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த உருப்படி அப்படி ஒரு கல்லாவில் இருந்து வந்ததுதான். எங்கள் ஊர் கூடலூர். கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவில், திராட்சையும் நெல்லும் ஏலக்காய் வியாபாரமும் கலந்த ஊர். கடைவீதியில் ஓர் உரக்கடை. பத்து வருஷத்துக்கு மேல் பில் போட்டுத் தள்ளிய டி.வி.எஸ். கோல்டு, யூரியா தூசியும் டீக்கறையுமாகக் கிடந்தது. புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள்.

'தம்பி, இதக் கொண்டுபோயி என்ன செய்யப் போற?' என்றார் கடைக்காரர்.

'சும்மாதாண்ணே, வச்சிக்கிறதுக்கு.'

'எழுத்தே இல்லயேப்பா, எல்லாம் அழிஞ்சுபோச்சு!'

உண்மைதான். நம்பர் பகுதி சுத்தமாக வழுக்கை. ஏ, ஈ, எஸ், என் எதுவும் இல்லை. ஆனால், ஒவ்வொரு கீயும் 'டக் டக்' என்று உயிரோடு இருந்தது. இந்த ஸ்விட்ச்சுக்குக் கம்பெனி சொன்ன ஆயுள் 5 கோடி தட்டல்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே கீயைத் தினம் 5,000 தடவை, வருஷத்துக்கு 300 நாள் தட்டினால் 15 லட்சம். 5 கோடியை எட்ட முப்பத்து மூன்று வருஷம் ஆகும். ரப்பர் கீபோர்டுக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை சொல்வார்கள். அதாவது மூன்றிலிருந்து ஏழு வருஷத்துக்குள் கதை முடிந்தது. இந்தக் கணக்கையெல்லாம் போடாமலே உரக்கடைக்காரர் சரியான கீபோர்டை வாங்கியிருக்கிறார்.

அந்த வழுக்கை கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அழிந்துபோன எழுத்துகள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துகள். தமிழ் அதில் அழியவே இல்லை. இருந்தால்தானே அழியும்? பரணில் இருந்த மற்றவற்றையும் இறக்கிப் பார்த்தேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது, மதுரையில் கிடைத்தது, நண்பர்கள் தலையில் கட்டியது... ஒன்றில்கூட ஒரு 'க' இல்லை. இதே டி.வி.எஸ்.ஸின் 'சாம்ப்' கீபோர்டு தேவநாகரி எழுத்தோடு கடையில் கிடைக்கிறது. 2010-ல் ரூபாய்க்குப் புதுச் சின்னம் அறிவிக்கப்பட்டதும், அதை கீபோர்டில் பொறித்து விற்றார்கள். அந்தச் சின்னத்தை வரைந்த உதயகுமார் ஒரு தமிழர் என்பதில் வேண்டுமானால் நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்!

கம்ப்யூட்டருக்கு முந்தைய மிஷினில் 'க' இருந்தது. அது அங்கே குடியேறிய கதை பிரமாதமானது. அதற்கு முன்னால் இங்கிலீஷ் மிஷினை ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் என்று ஒருவர். நம்ம இனம், பத்திரிகைக்காரர். 1868-ல் டைப்ரைட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி, உள்நாட்டுப் போர் முடிந்து துப்பாக்கிக்கு ஆர்டர் குறைந்த நேரத்தில் வேறு தொழில் தேடிக்கொண்டிருந்தது. 1873-ல் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று வரிசை அப்போது உட்கார்ந்ததுதான், இன்று வரை எழுந்திருக்கவில்லை. எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கத்தான் இப்படிக் கலைத்துப் போட்டார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, தந்தி ஆபரேட்டர்களின் வசதிக்காக மாறி மாறி வந்த அமைப்பு என்று ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்சி. 1936-ல் டுவோராக் என்பவர் இன்னும் வசதியான அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை என்பதைப் பொருளாதாரக்காரர்கள் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். 1985-ல் பால் டேவிட் என்ற பொருளாதார நிபுணர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். முதலில் பழகிவிட்டால் போதும், சுமாரான சரக்கும் நிலைத்துவிடும் என்பது அவர் கட்சி. 1990-ல் இன்னும் இரண்டு பேர், டுவோராக் உசத்தி என்பதே நிரூபணமாகவில்லை என்று மறுத்து எழுதினார்கள். சண்டை ஓயவில்லை. ஆனால், விரல் ஒன்றைக் கற்றுக்கொண்டால் சீக்கிரத்தில் விடாது என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறு இல்லை.

இங்கிலீஷுக்கு 26 எழுத்து. நமக்கு? 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. டைப்ரைட்டரில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் கீ. ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொண்டால் தொண்ணூறு சொச்சம். எண்களுக்கும் காற்புள்ளி, அரைப்புள்ளிக்கும் இடம் விட்டுவிட்டு, மிச்சத்தில் 247 பேரை உட்காரவைக்க வேண்டும். நம்ம ஊர் பஸ்ஸில்தான் இது சாத்தியம்!

சாத்தியமாக்கினவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-ல் கடல் கடந்து மலாயாவுக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர். இன்ஜினீயர் கிடையாது. கம்பெனி ஒன்றில் எழுத்தர். ஆபீஸில் இங்கிலீஷ் மிஷினைப் பார்த்துவிட்டு, தமிழுக்கு இது ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கையாண்ட உத்தியின் பெயர் 'நகரா விசை'. டைப்ரைட்டரில் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் காகிதம் ஒரு அடி இடதுபக்கம் நகரும் அல்லவா? சில விசைகளைத் தட்டினால் மட்டும் நகராதபடி செய்துவிட்டார். 'க்' அடிக்க வேண்டுமா? முதலில் புள்ளியைத் தட்டு. புள்ளி விழும், காகிதம் அசையாது. அடுத்து 'க'வைத் தட்டு. புள்ளிக்கு அடியில் 'க' போய் உட்கார்ந்துகொள்ளும். பதினெட்டு மெய்யெழுத்துக்குப் பதினெட்டு கீ தேவையில்லை. ஒரே ஒரு புள்ளி போதும். எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. அடிக்கும்போது புள்ளி முதலில், எழுத்து பிறகு. இந்தத் தலைகீழ் வித்தையில் எத்தனை கீ மிச்சம் பாருங்கள்!

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அண்ட் நௌமன் கம்பெனி அவருடைய அமைப்பைக் கொண்டு தமிழ் மிஷின்களைத் தயாரித்தது. கையில் தூக்கிப் போகிற 'பிஜு' என்ற சின்ன மிஷினும் அதில் உண்டு. யாழ்ப்பாணத்து மூளை, சிங்கப்பூர் சம்பளம், ஜெர்மன் இரும்பு! முத்தையா போட்டுக் கொடுத்த பாதையில்தான் பிற்பாடு தமிழ்நாட்டு மிஷின்களும் வந்தன. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானபோது, கொம்பு வைத்த பழைய 'ணை', 'லை'க்களும் சுழித்த பழைய 'றா', 'னா'க்களும் விடைபெற்றன. மிஷினுக்கும் அது ஒரு வகையில் நிம்மதிதான்.

அந்த மிஷினில் 'க'வின் வீடு இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில். இங்கிலீஷில் எஃப் இருக்கும் இடம். பக்கத்தில் 'ன', அதற்கடுத்து 'ள', சுண்டு விரலில் 'ய'. வலது கையில் 'த', 'ம', 'ட'. இதை நான் எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதவில்லை. மேசையில் விரலை வைத்துப் பார்த்து எழுதுகிறேன். உத்தமபாளையத்தில் பி.காம். படித்த காலத்தில், காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து கம்பத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களில் நானும் ஒருவன். லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வுகள். கோத்ரெஜ், ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட் என்று மிஷின்கள். இருபது மிஷின் ஒரே நேரத்தில் அடித்தால் ஓட்டு வீடு கிடுகிடுக்கும். கீழே பார்த்து அடித்தால் மாஸ்டர் ஸ்கேலால் ஒன்று வைப்பார். கம்பம் பள்ளத்தாக்கின் பாதி வீடுகளில் அப்போது கனவு இதுதான். ஹையர் முடித்தால் கவர்மென்ட் வேலை. பெண்களைத் தனியாக சினிமாவுக்கு விடாத வீடுகள்கூட டைப்ரைட்டிங் கிளாஸுக்கு விட்டன. நன்றாகத் தமிழ் அடித்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் இரண்டு மொழியிலும் ஹையர் பாஸ் செய்தவர். அரசு வேலை வரவில்லை. கம்பத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி... டைப்ரைட்டர் அமைப்பிலேயே தமிழ் ஃபான்ட்டுகள் கிடைத்ததால், மிஷின் மாறினாலும் அவர் விரல் மாற வேண்டியிருக்கவில்லை. கீபோர்டில் ஏ, பி, சி, டி இருந்தால் என்ன? அவர் பார்க்கிறதே இல்லையே!

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழிணையம் 99' மாநாடு நடந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டின் தொடர்ச்சி. ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனியும் ஒரு கீபோர்டு அமைப்பு வைத்துக்கொண்டு அலைந்த அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அங்கே உருவானதுதான் 'தமிழ்99' அமைப்பு. அந்த ஆண்டே தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது.

கெட்டிக்காரத்தனமான அமைப்பு, சந்தேகமே இல்லை. கம்ப்யூட்டருக்கு மூளை இருக்கிறதே, 'கி', 'கூ'வுக்கெல்லாம் எதற்குத் தனிக் கீ என்று யோசித்தார்கள். இடது கையில் உயிரெழுத்துகள், வலது கையில் பெரும்பாலான மெய்கள். 'அ', 'ம', 'ம', 'ஆ' என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா'. இரண்டு 'ம' சேர்ந்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'ம'வுக்குப் பக்கத்தில் 'ப' வந்தாலும் அப்படியே. 'கம்பம்' என்று அடித்தால் கடைசிப் புள்ளியை மட்டும் நாம் வைத்தால் போதும். 'கூடலூர்' ஏழே தட்டு. இங்கிலீஷ் எழுத்தில் 'கே யூ யூ டி...' என்று ஒலிபெயர்த்து அடித்தால் ஒன்பது. அரசாங்கம் செய்த உருப்படியான காரியங்களின் பட்டியலில் இதை நான் தாராளமாகச் சேர்ப்பேன்.

ஆனால், அந்த அக்காவுக்கு? 'க' எஃப்-ஐ காலி செய்துவிட்டு எச்-க்குக் குடிபோய்விட்டது. இடது கையில் இருந்தது வலது கைக்கு. அவர் 'க' என்று நினைத்துத் தட்டும் இடத்தில் இப்போது வெறும் புள்ளி. 'நாலு வருஷம் காசு கட்டிப் பழகுன வெரல இப்ப மாத்துன்னா எப்படிப்பா மாத்துறது?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பால் டேவிட்டிடம் இருந்திருக்கும்.

அவர் மாறவில்லை. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களும் மாறவில்லை. சர்க்காரும் ஒரு கையால் தமிழ்99-க்கு ஆணை போட்டுவிட்டு, மறு கையால் பழைய டைப்ரைட்டர் அமைப்பில் பல வருடங்கள் பரீட்சை நடத்திக்கொண்டே இருந்தது. டைப்பிஸ்ட் வேலைக்கு அந்த சர்டிஃபிகேட்தான் தகுதி. அப்புறம் எந்தப் பிள்ளை புது அமைப்பைக் கற்கும்? தமிழ் எழுதும் மென்பொருள்களும் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. என்.எச்.எம். ரைட்டரைத் திறந்தால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர், பாமினி, ஒலிபெயர்ப்பு என்று ஹோட்டல் மெனு மாதிரி எல்லாம் இருக்கும்.

இந்த இழுபறியில் ஜெயித்தது மூன்றாவது ஆள். டைப்ரைட்டிங்கும் போகாத, அரசாணையும் படிக்காத தலைமுறை ஒன்று, 'கே' தட்டினால் 'க' என்று இங்கிலீஷ் வழியாகவே தமிழ் அடிக்க ஆரம்பித்தது. கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் பலம். எஃப், எச்-க்கு அப்புறம் 'க'வுக்கு இது மூன்றாவது வீடு. முதல் இரண்டும் சொந்த வீடு, இது வாடகை.

கீபோர்டு கம்பெனிகள் ஏன் தமிழைப் பொறிக்கவில்லை என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. எந்த 'க'வைப் பொறிப்பது? எஃப்-ல் போட்டால் தமிழ்99-காரர் வாங்கமாட்டார். எச்-ல் போட்டால் அக்கா வாங்கமாட்டார். ஒலிபெயர்ப்புக்காரருக்கோ இங்கிலீஷ் எழுத்தே போதும். மூன்றாகப் பிரிந்த மார்க்கெட்டுக்கு அச்சு செய்து விற்க எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது. இதில் மொழிப்பற்று, துரோகம் என்றெல்லாம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாதாரண வரவு-செலவுக் கணக்கு.

செர்ரியின் பழைய காப்புரிமைகள் காலாவதியான பிறகு சீனக் கம்பெனிகள் அதே மாதிரி ஸ்விட்ச்சுகளைச் செய்து குவிக்க, மெக்கானிக்கல் கீபோர்டு மறுபடி ஃபேஷனாகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒன்று வைத்திருக்கிறான். கலர் கலராக லைட். மேலே ஜப்பானிய எழுத்து பொறித்த மூடிகள். 'இதெல்லாம் படிக்கத் தெரியுமாடா?' என்றேன். 'தெரியாது மாமா. பார்க்க நல்லாருக்குல்ல?' என்றான்.

நன்றாகத்தான் இருந்தது. கீ மூடிகளைத் தனியாகக் கழற்றி மாட்டலாம், நாம் கேட்கும் எழுத்தை அச்சடித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். உரக்கடை கீபோர்டுக்கு ஒரு செட் சொல்லியிருக்கிறேன். 'க'வை எந்தக் கீயில் போடச் சொன்னேன் என்கிறீர்களா? எச்-ல்தான். இருபத்தைந்து வருஷம் பழகின இடது கை ஆள்காட்டி விரலுக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.